இந்தியாவா, இலங்கையா: வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடுவது எப்படி?

இந்தியா உலகின் மிகப் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று. இலங்கையோ வாங்கிய கடனை 2022இல் கட்ட முடியாமல் கையை விரித்த நாடு. ஆனால் இன்று இலங்கையில் பிறக்கும் குழந்தை, இந்தியாவில் பிறக்கும் குழந்தையைவிடச் சராசரியாக ஐந்து ஆண்டுகள் கூடுதலாக வாழும் என்று கணக்குகள் சொல்கின்றன. இவை அனைத்துமே உண்மை.

எந்த நாட்டில் மக்கள் நன்றாக வாழ்கிறார்கள் என்று கேட்டால், ஒருவர் ஓர் எண்ணைக் காட்டி இந்தியா என்பார். இன்னொருவர் வேறோர் எண்ணைக் காட்டி இலங்கை என்பார். எந்த எண் எதை அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் தீரும். பாக் நீரிணைக்கு இருபுறமும் உள்ள இந்த இரண்டு நாடுகளையே எடுத்துக்கொண்டு அதைப் பார்ப்போம்.

தலா வருமானம்

பெரும்பாலான ஒப்பீடுகள் தொடங்கும் இடம் இதுதான். நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தி மதிப்பை மக்கள்தொகையால் வகுத்தால் வருவது தலா உற்பத்தி. பேச்சு வழக்கில் இதையும் தலா வருமானம் என்றே சொல்கிறோம். 2023ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவில் இது சுமார் 2,500 டாலர். இலங்கையில் சுமார் 3,800 டாலர். பொருளாதாரத்தின் மொத்த அளவில் இந்தியா மிகப் பெரியதுதான். ஆனால் 140 கோடிப் பேருக்கும் பங்கிட்டால் ஒருவர் பங்கு சிறியதாகிவிடுகிறது. இரண்டே கால் கோடிக்கும் குறைவான மக்கள் உள்ள இலங்கை, இந்த ஓட்டத்தில் முன்னே நிற்கிறது.

தலா வருமானம் ஒரு வகுத்தல் கணக்கு. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பது அதில் தெரியாது. இந்தியாவின் மொத்த வருமானத்தில் சுமார் 22.6 விழுக்காடு உச்சியில் இருக்கும் ஒரு விழுக்காட்டினரிடம் போய்ச் சேர்வதாக, உலக சமத்துவமின்மை ஆய்வகத்தின் 2022-23 மதிப்பீடு சொல்கிறது. வகுத்து வரும் சராசரி, அந்த ஒரு விழுக்காட்டில் இருப்பவர் வாழ்க்கையையும் காட்டாது, கூலி வேலைக்குப் போகிறவர் வாழ்க்கையையும் காட்டாது.

காசு கொடுக்காமலே கிடைக்கும் பலவற்றின் பயனும் இந்த எண்ணில் சரியாக விழுவதில்லை. ரேஷன் அரிசி, பள்ளிச் சத்துணவு, பெண்களுக்கு நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம், அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம் ஆகியவற்றுக்கு அரசு செய்யும் செலவு மட்டுமே கணக்கில் ஏறும். அதனால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பாரம் குறைந்தது என்பது ஏறாது.

ரூபாய்க்கு எவ்வளவு அரிசி?

இரண்டு நாட்டுச் சம்பளங்களை ஒப்பிடும்போது பலரும் நாணய மாற்று விகிதத்தால் பெருக்கியோ வகுத்தோ முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது பாதி வழிதான். அந்தப் பணம் அந்த ஊரில் எதை வாங்கும் என்று பார்ப்பது மீதிப் பாதி.

இலங்கையின் தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கு 2024 செப்டம்பரில் அடிப்படை நாள் கூலி 1,350 இலங்கை ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அதே நிதியாண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி 319 இந்திய ரூபாய். எண்ணை மட்டும் பார்த்தால் தோட்டக் கூலி நான்கு மடங்கு. அப்போதைய மாற்று விகிதத்தில் ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறத்தாழ மூன்றரை இலங்கை ரூபாய் என்பதால், தோட்டக் கூலி இந்தியப் பணத்தில் 375 முதல் 385 ரூபாய்க்குள் நிற்கும். நான்கு மடங்கு என்று தோன்றியது, அறுபது ரூபாய் அளவிலான வித்தியாசமாகச் சுருங்கிவிட்டது.

இப்போது அரிசிக் கடைக்குப் போவோம். 2024 டிசம்பரில் இலங்கை அரசு நாட்டரிசிக்கு விதித்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபாய். ஒரு நாள் கூலிக்கு ஆறு கிலோகூட முழுதாக வராது. தமிழ்நாட்டில் சாதாரண அரிசி கிலோ 50, 55 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 319 ரூபாய்க்கும் ஏறக்குறைய ஆறு கிலோதான். அரிசிக் கணக்கில் இரண்டு கூலியும் ஒன்றே. ஆனால் தமிழ்நாட்டில் அரிசி அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ரேஷன் கடையில் பொதுவாக மாதம் 12 முதல் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. இலங்கையில் இன்று அப்படி ஒரு மாதாந்தர அரிசிப் பங்கீடு இல்லை. வறிய குடும்பங்களுக்கு ‘அஸ்வெசும’ என்ற பண உதவித் திட்டம் உண்டு. அதில் பெயர் இடம்பெறாதவர் சந்தை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

இந்தக் கணக்கையே பல நூறு பொருட்களுக்கும் சேவைகளுக்கும் விரித்துச் செய்தால் கிடைப்பதுதான் வாங்கும் திறன் சமநிலை. உலக வங்கியின் பொறுப்பில் நாடு நாடாக விலைகளைத் திரட்டி இதைக் கணக்கிடுகிறார்கள். 2017ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைக்கும் சராசரிப் பொருட்களை இந்தியாவில் வாங்க 20 ரூபாய் 65 காசு போதும். சந்தையில் அப்போது டாலரின் விலை 65 ரூபாய். முடிவெட்டுவதும் வீட்டு வாடகையும் ஆட்டோக் கட்டணமும் இங்கே மலிவு என்பதால்தான் இந்த இடைவெளி. வெளிநாட்டுச் சம்பளத்தை ரூபாயாக மாற்றி மலைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

மனித மேம்பாட்டுக் குறியீடு

வருமானத்தை மட்டும் வைத்து நாடுகளை வரிசைப்படுத்துவது போதாது என்று முனைந்து வாதிட்டவர் பாகிஸ்தான் பொருளியலாளர் மஹபூப் உல் ஹக். அமர்த்தியா சென்னும் அவருக்குத் துணை நின்றார். அதன் விளைவாக ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990இல் முதல் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது.

இந்தக் குறியீடு மூன்று விஷயங்களைப் பார்க்கிறது. பிறக்கும் குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்பது ஒன்று. பெரியவர்கள் சராசரியாக எத்தனை ஆண்டு படித்திருக்கிறார்கள், இன்று பள்ளியில் சேரும் குழந்தை எத்தனை ஆண்டு படிக்கும் என்பது இரண்டாவது. வாங்கும் திறனுக்கேற்பத் திருத்திய தலா வருமானம் மூன்றாவது. வருமானத்தை அப்படியே கூட்டாமல் மடக்கை முறையில் சேர்க்கிறார்கள். ஆயிரம் டாலர் வருமானம் இரண்டாயிரம் ஆனால் ஒரு குடும்பத்தின் சாப்பாடே மாறும். ஐம்பதாயிரம் டாலர் வருமானத்தில் இன்னோர் ஆயிரம் கூடினால் பெரிதாக எதுவும் மாறாது. அந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுவரவே இந்த ஏற்பாடு.

2025ஆம் ஆண்டு அறிக்கையில் இலங்கை 0.776 மதிப்புடன் 89ஆவது இடத்திலும், இந்தியா 0.685 மதிப்புடன் 130ஆவது இடத்திலும் இருக்கின்றன. இந்தியரின் சராசரி ஆயுள் 72 ஆண்டு, இலங்கையரின் ஆயுள் 77 ஆண்டைத் தாண்டுகிறது. இந்தியப் பெரியவர் ஒருவர் சராசரியாக ஏழு ஆண்டுகூட முழுதாகப் பள்ளியில் கழித்ததில்லை. இலங்கையில் அது பத்து ஆண்டுக்கு மேல். ஏற்றத்தாழ்வையும் சேர்த்துக் கழித்துப் பார்த்தால் இந்தியாவின் மதிப்பு 30.7 விழுக்காடு சரிகிறது என்றும் அதே அறிக்கை சொல்கிறது.

இலங்கை எப்படி முன்னே போனது?

இது அண்மையில் வந்த பணத்தால் நடந்ததல்ல. 1926இல் களுத்துறையில் ஒரு சுகாதாரப் பிரிவைத் தொடங்கினார்கள். குறிப்பிட்ட எல்லைக்குள் வாழும் எல்லாருடைய உடல்நலத்துக்கும் ஒரு மருத்துவ அதிகாரியும் அவருக்குக் கீழுள்ள களப் பணியாளர்களும் பொறுப்பு என்பதே அதன் ஏற்பாடு. நோயாளி வரட்டும் என்று காத்திராமல் வீட்டைத் தேடிப் போகும் முறை அது. பின்னர் நாடெங்கும் பரவியது.

1931இல் இலங்கையில் ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஏழைகளின் வாக்கு தேவைப்பட்டதால் பள்ளியும் ஆஸ்பத்திரியும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. கல்வி அமைச்சராக இருந்த சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. மக்கள் இந்த உரிமைகளை எளிதில் விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலையை அரசு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

இந்த ஏற்பாடு தரையில் எப்படி நடக்கிறது என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரின் வேலையில் பார்க்கலாம். தன் பிரிவில் யார் கர்ப்பம் தரித்திருக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெயரைப் பதிவதும் கிளினிக்குக்கு வரச் செய்வதும் அவர் பொறுப்பு. எடையையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துவைத்த அட்டை தாயின் கையிலேயே இருக்கும். குழந்தை பிறந்த பிறகு அவரே வீட்டுக்கு வந்து பால் குடிக்கிறதா, தொப்புள் ஆறிவிட்டதா என்று பார்ப்பார். மாதாமாதம் குழந்தையை நிறுத்து, பதிவேட்டில் உள்ள வரைபடத்தில் ஒரு புள்ளி வைப்பார். புள்ளிகளைச் சேர்க்கும் கோடு கீழே சாயத் தொடங்கினால், குழந்தைக்குச் சத்து போதவில்லை என்று தாய்க்கும் தெரிந்துவிடும். எடை குறைந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ‘திரிபோஷா’ என்ற சத்துமாவுப் பொட்டலம் கிளினிக்கிலேயே கிடைக்கும். இத்தனைக்கும் கட்டணம் கிடையாது. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடமிருந்து இலங்கை பெற்றதற்குப் பின்னாலும் இப்படிப்பட்ட களப் பணிதான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கிராம சுகாதார செவிலியர் செய்வதும் இதே வேலைதான். தாய் சேய் நலத்தில் தமிழ்நாட்டின் எண்கள் இந்தியாவின் எண்களைவிட இலங்கையின் எண்களுக்கு அருகில் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சராசரிக்குள்ளே இருக்கும் நாடுகள்

பிரசவத்தால் இறக்கும் தாய்மார்களின் கணக்கைப் பாருங்கள். 2018-20 காலத்தில் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். இலங்கையில் அது 30ஐ ஒட்டியது. ஆனால் அந்த 97க்குள் கேரளத்தின் 19ம் தமிழ்நாட்டின் 54ம் அசாமின் 195ம் சேர்ந்தே இருக்கின்றன. கேரளம் இலங்கையை முந்தியிருக்கிறது, அசாம் வெகு தொலைவில் இருக்கிறது. குழந்தை இறப்பிலும் இதே கதைதான். 2020இல் ஆயிரம் குழந்தைகளுக்கு கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, மத்தியப் பிரதேசத்தில் 43. இந்தியா முழுமைக்கும் 28.

ஆகவே இந்தியாவையும் இலங்கையையும் ஒப்பிடுவதில் அளவுப் பிரச்சினை ஒன்று இருக்கிறது. இலங்கையின் மக்கள்தொகை தமிழ்நாட்டின் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தமிழ்நாட்டோடு ஒப்பிட்டால்தான் கணக்கு நியாயமாக இருக்கும். தமிழ்நாட்டின் தலா வருமானம் 2023-24இல் மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது, ஏறக்குறைய இலங்கையின் அளவு. வருமானத்தில் சமமாக வந்த பிறகும் தாய் இறப்பைக் குறைத்ததிலும் ஆயுளிலும் இலங்கை முன்னே நிற்கிறது. உயர்கல்வியில் நிலைமை தலைகீழ். இலங்கையில் உயர்தரப் பரீட்சையில் தேறித் தகுதி பெறும் மாணவர்களில் பெரும்பாலானோருக்கு அரசுப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. தமிழ்நாட்டில் 2021-22 கணக்குப்படி கல்லூரி வயதினரில் 47 விழுக்காடு அளவுக்கு உயர்கல்விச் சேர்க்கை இருக்கிறது.

இலங்கையின் சராசரியும் பலரை மறைக்கிறது. அவர்களில் முதன்மையானவர்கள், தேயிலைத் தோட்டங்களை நம்பி வாழும் மலையகத் தமிழர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது, ஒரு சமூகம் பல ஆண்டுகளாக என்ன சாப்பிட்டது என்பதைச் சொல்லும் அளவு. 2016 ஆய்வின்படி இலங்கை முழுமைக்கும் இது 17 விழுக்காடு. தோட்டப் பகுதிகளில் மட்டும் 32 விழுக்காடு. 2019-21இல் இந்தியாவின் சராசரி 35.5, தமிழ்நாட்டின் அளவு 25. அதாவது இலங்கையின் தோட்டக் குழந்தை, ஊட்டத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டுக் குழந்தையைவிடப் பின்தங்கி, இந்தியச் சராசரியின் அருகில் நிற்கிறது.

இதற்குக் காரணமும் அரசியல்தான். வாக்குரிமையால் இலங்கை முன்னேறியது என்று பார்த்தோம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. நாடற்றவருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவருக்குப் பள்ளியும் ஆஸ்பத்திரியும் வீடும் கடைசியாகத்தான் வந்தன. நாடற்றவர்களாகவே எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003 சட்டத்தில்தான் தீர்ந்தது. ஒரே கூரைக்குக் கீழ் வரிசையாகத் தடுத்த லயன் அறைகளில் இன்றும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன.

2022 காட்டிய பாடம்

2019இல் வரிகளைப் பெருமளவு குறைத்தது, அதே ஆண்டு ஈஸ்டர் தாக்குதலாலும் பிறகு கொரோனாவாலும் சுற்றுலா படுத்தது, 2021இல் ரசாயன உரத்துக்குத் திடீர்த் தடை விதித்தது, தலைக்கு மேல் ஏறிய வெளிநாட்டுக் கடன் என எல்லாம் சேர்ந்து இலங்கையின் டாலர் கையிருப்பைக் காலி செய்தன. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. டாலர் 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 விழுக்காட்டை நெருங்கியது, உணவுப் பொருட்களில் அது 95 விழுக்காடு. ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. தாள் இல்லாமல் பள்ளிப் பரீட்சைகள் தள்ளிப்போயின. தமிழ்நாடு அரசு அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் அனுப்பியது.

அந்த 2022ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணித்த மனித மேம்பாட்டு அறிக்கையில் இலங்கைக்கு 78ஆவது இடம், இந்தியாவுக்கு 134. பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் நாள் முழுக்க மக்கள் வரிசையில் நின்ற ஆண்டின் கணக்கு அது. ஆயுளும் படிப்பும் பல பத்தாண்டுகளில் சேர்ந்தவை என்பதால் ஓராண்டு நெருக்கடி அந்தக் குறியீட்டை உடனே பெரிதாக அசைக்காது. ஆனால் உலக வங்கியின் மதிப்பீட்டில் 2019இல் 11 விழுக்காடாக இருந்த வறுமை 2022இல் 25 விழுக்காடாக ஏறியது. ஆகவே ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரத்தை எடைபோடும்போது, அது எட்டிய உயரத்தோடு அந்த உயரத்தில் நிற்கும் பலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவிடம் தானியக் கிடங்குகளும் அந்நியச் செலாவணியும் இருந்தன. ஆனால் 2020 ஊரடங்கில் வேலை இழந்த புலம்பெயர் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தார்கள். கிடங்கில் அரிசி இருந்தும் பலருடைய ரேஷன் அட்டை சொந்த ஊர்க் கடையோடு கட்டுண்டிருந்தது. நாட்டின் கையிருப்பு தனிமனிதரின் கைக்கு எட்டுமா என்பது வேறு கேள்வி.

எண்ணில் ஏறாதவை

1983 முதல் 2009 வரை இலங்கையில் போர் நடந்தது. அந்த ஆண்டுகளிலும் நாட்டின் மனித மேம்பாட்டு மதிப்பு மொத்தத்தில் உயர்ந்தே வந்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பத்தினர் 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டம் எந்தக் குறியீட்டிலும் இல்லை. மேம்பாட்டுப் பட்டியலில் மேலே இருக்கும் நாட்டிலிருந்து கீழே இருக்கும் நாட்டுக்கு உயிர் தப்பி வந்தவர்கள் தமிழ்நாட்டின் மறுவாழ்வு முகாம்களில் இன்னும் இருக்கிறார்கள். தாங்கள் பிறந்த நாட்டின் சராசரி ஆயுள் 77 என்பதால் அவர்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உயிருக்குப் பாதுகாப்பு, சட்டத்தின் முன் சமம், சொந்த மொழியில் அரசிடம் பேசும் உரிமை ஆகியவையும் வாழ்க்கைத் தரத்தின் பகுதிகள்தாம்.

அடுத்த முறை ஒப்பிடும்போது

எந்த இரு நாடுகளை யார் ஒப்பிட்டாலும் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. இது மொத்தக் கணக்கா, தலைக்கு வகுத்த கணக்கா?
2. நாணய மாற்று விகிதத்தில் சொல்கிறார்களா, அந்தப் பணம் அந்த ஊரில் வாங்குவதை வைத்துச் சொல்கிறார்களா?
3. கையில் காசில்லாத நாளில் அங்கே ஒருவருக்குச் சாப்பாடும் வைத்தியமும் பிள்ளைக்குப் படிப்பும் கிடைக்குமா?
4. சராசரிக்குக் கீழே இருப்பவர் யார்? அவர் நிலை என்ன?
5. ஒரு நெருக்கடி வந்தால் இதில் எவ்வளவு மிஞ்சும்?

இந்தியாவா, இலங்கையா என்று கேட்டால் என் பதில் இது: மூன்றாவது கேள்வியில் இலங்கை இந்தியாவுக்குப் பல பாடங்களைச் சொல்லித்தரும், ஐந்தாவது கேள்வியில் இலங்கை இன்னும் மீண்டுகொண்டிருக்கிறது, நான்காவது கேள்வியில் இரண்டு நாடுகளுமே தேறவில்லை. ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரம், அதன் மிகவும் பலவீனமான குடிமகனுக்கு உரிமையோடு கிடைப்பது எதுவோ அதுதான். மலையகத்தின் நுவரெலியாத் தோட்டக் குழந்தையும் அசாமின் கர்ப்பிணியும் எப்படி இருக்கிறார்கள் என்பதை வைத்தே இந்த இரண்டு நாடுகளையும் மதிப்பிட வேண்டும்.